படங்கைக் கழற்றிய படம்: கேம்களில் பெண்ணின் உடுப்பு

தேயிலைப் பைக்கற்றில் சிரிக்கும் பெண்ணை எல்லோரும் பார்த்திருக்கிறோம். பளிச்சென்ற சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, முதுகில் அழுக்குப் படாத கூடை, விரல் நுனியில் இரண்டு இலையும் ஒரு மொட்டும். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவையிலோ மஸ்கெலியாவிலோ காலைப் பனியில் மலைக்கு ஏறுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தப் படத்தில் எது குறைகிறது என்று சட்டென்று பிடிபடும். இடுப்பில் படங்கு இல்லை.

படங்கு என்பது இடுப்பைச் சுற்றி முழங்காலுக்குக் கீழ்வரை கட்டும் சாக்கு. இப்போது அநேகமாகத் தடித்த பொலித்தீன் விரிப்பு. தேயிலைச் செடி இடுப்பளவில் மட்டமாக நிற்கும். நிரைக்குள் நெருக்கி நுழைந்துதான் நடக்கவேண்டும். கவ்வாத்து வெட்டிய கிளை சேலையைக் கிழிக்கும், பனித்தண்ணீர் தொடைவரை நனைக்கும். இரண்டையும் தடுப்பது படங்குதான். படம் பிடிக்கும்போது முதலில் காணாமற் போவதும் அதுதான், ஏனென்றால் படங்கு வேலையைக் காட்டும், வேலை தெரிந்தால் படம் "அழகாக" வராது.

வீடியோ கேம்களில் பெண்களுக்கு எப்படி உடுப்பு போடுகிறார்கள் என்பதை அளக்க இதைவிட நல்ல கோல் கிடைக்காது. இந்தப் பேச்சை எடுத்தாலே எத்தனை அங்குலம் தெரிகிறது, கலாசாரம் என்ன ஆவது என்று ஒரு பக்கமும், கற்பனைக் கதைக்கு என்ன கட்டுப்பாடு என்று மறுபக்கமும் சண்டை தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் துணியின் நீளத்தையே பார்க்கிறது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: அந்த உடுப்பு அவள் செய்யும் வேலைக்காகவா, பார்க்கிறவனுக்காகவா?

முதலில் கெமரா

உடுப்பைப் பற்றிப் பேசும்போது பலர் மறந்துவிடுவது கெமராவை. ஃபிரீ ஃபயர், டூம் ரெய்டர் போன்ற கேம்களில் கெமரா பாத்திரத்தின் பின்னால் சற்று உயரத்தில் நிற்கிறது. விளையாடுகிறவர் மணிக்கணக்காகப் பார்ப்பது முகத்தையல்ல, முதுகையும் இடுப்பையும். ஆகவே வடிவமைப்பாளர் அதிகம் மெனக்கெடுவதும் அங்கேதான். 2011இல் வந்த பட்மன்: ஆர்க்கம் சிட்டியை எடுத்துக்கொள்வோம். பட்மனின் பின்பக்கத்தைத் தோளிலிருந்து கால்வரை ஒரு கறுப்புப் போர்வை மூடியிருக்கிறது. அதே கேமில் கட்வுமனாக விளையாடினால் போர்வை கிடையாது. உடலோடு ஒட்டிய தோலுடுப்பு, முன்பக்கம் பாதி இறக்கிய ஸிப், ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு ஆடும் நடை. கெமரா இருவருக்கும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. ஆனால் பார்வை விழும் இடத்தில் ஒருவருக்குத் திரை, மற்றவருக்குக் காட்சி.

கெமராவை மட்டும் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு மாஸ் எஃபெக்ட் 2 (2010) நல்ல உதாரணம். மிராண்டா என்ற பாத்திரம் தன் தங்கையைப் பற்றிக் கவலையோடு பேசும் காட்சியில் கெமரா அவளுடைய பின்பக்கத்தைக் குறிவைத்து நிற்கும். பேச்சு ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். 2021இல் மூன்று பாகங்களையும் புதுப்பித்து வெளியிட்டபோது அப்படிப்பட்ட சில கோணங்களை மாற்றினார்கள். அவளுடைய உடுப்பு அதேதான். கெமரா நகர்ந்ததும் காட்சி தங்கையைப் பற்றியதாகிவிட்டது.

நிற்கும் நிலையும் இதில் சேரும். ஓவர்வொட்ச் 2016இல் சோதனைக் கட்டத்தில் இருந்தபோது, டிரேசர் என்ற குறும்புக்காரிக்கு ஒரு வெற்றி நிலை (வென்றபின் நிற்கும் விதம்) இருந்தது: முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பாள். அவளுடைய குணத்துக்கும் அந்த நிலைக்கும் ஒட்டவில்லை என்று ஒருவர் எழுதினார். நிறுவனம் அதை எடுத்துவிட்டு வேறொன்று வைத்தது. புதியதும் பழைய காலத்து நாட்காட்டி ஓவியமொன்றின் சாயலில்தான் இருந்தது, பின்பக்கமும் தெரியத்தான் செய்தது. ஆனாலும் அதில் அவளுடைய விளையாட்டுத்தனம் இருந்தது. எதிர்ப்பு உடலுக்கல்ல, ஒட்டாத நிலைக்கு என்பது இதில் தெளிவாகத் தெரிந்தது.

பரிசாக வந்த உடல்

பழைய கேம்களில் பெண் பெரும்பாலும் பயணத்தின் முடிவில் காத்திருப்பவள். 1981இல் டொங்கி கொங்கில் இளஞ்சிவப்புக் கவுன் போட்டு உச்சியில் நின்று கூப்பிடுகிறவள், 1985இல் சூப்பர் மாரியோவில் அடுத்த கோட்டைக்குப் போய்விட்ட இளவரசி. 1982இல் மிஸ் பக்மன் வந்தபோது மஞ்சள் வட்டத்துக்கு ஒரு ரிபன், உதட்டுச் சாயம், ஒரு மச்சம் சேர்த்தார்கள். "பெண்" என்பது அடிப்படை உருவத்தின் மேல் ஒட்டும் அலங்காரம் என்ற பழக்கம் அப்போதே வந்துவிட்டது. அடிப்படை உருவம் ஆண். அதை யாரும் சொல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

இன்னும் விசித்திரமானது 1986இன் மெட்ரொயிட். முழுக் கேமும் கவசத்துக்குள் இருக்கும் வீரர் சாமுஸ் அரான். ஆங்கிலக் கையேடே ஆண்பாலில்தான் எழுதியது. கேமை 5 மணி நேரத்துக்குள் முடித்தால் தலைக்கவசம் கழன்று பெண் முகம் தெரியும். 3 மணிக்குள் முடித்தால் கவசமே போய் உடலோடு ஒட்டிய உடுப்பு. 1 மணிக்குள் முடித்தால் நீச்சலுடை. நன்றாக விளையாடினால் துணி குறையும் என்பது அந்தக் கேமின் கணக்கு. கவசத்தோடு இருந்தவரை அவள் வீராங்கனை, கழற்றியதும் பரிசு. ஒரே பாத்திரத்துக்குள் இரண்டும் நடந்ததால்தான் இன்றுவரை அதைப் பெருமையாகவும் சொல்கிறார்கள், முகத்தைச் சுளித்தும் சொல்கிறார்கள்.

1991இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இல் சுன் லி வந்தாள். சீன உடுப்பின் பக்கவெட்டைப் பெரிதாக்கிய நீலச் சட்டை, கையில் முள் வளையல், ஆளுக்கு மிஞ்சிய தொடை. அவளுடைய பலமே உதைதான் என்பதால் அந்தத் தொடைக்கு வேலை இருக்கிறது. கவர்ச்சியும் வேலையும் ஒரே இடத்தில் சந்தித்த அபூர்வமான உருவம் என்று இதைச் சொல்லலாம்.

1996இல் டூம் ரெய்டர். இங்கிலாந்தின் டார்பி நகரில் கோர் டிசைன் நிறுவனத்தில் டோபி கார்ட் உருவாக்கிய லாரா குரொஃப்ட். அந்தக் காலக் கணினியில் உடல் என்பது துண்டு துண்டாகப் பொருத்திய சில நூறு முக்கோணங்கள். அசையும் துணிக்கு அங்கே இடமே இல்லை. தொங்கி ஆடும் பின்னலைக்கூட முதற் பாகத்தில் வைக்க முடியாமல், 1997இல் இரண்டாம் பாகத்தில்தான் வைத்தார்கள். அரைக் காற்சட்டையும் ஒட்டிய பெனியனும் அந்த வரம்புக்குள் சுலபமாக வந்தன. ஆனால் மார்பின் அளவு முக்கோணத் தட்டுப்பாட்டால் வந்ததல்ல. விளம்பரங்களில் அவளைக் காட்டிய விதம் கார்டுக்கு உவப்பாக இருக்கவில்லை. 1997இல் நிறுவனத்தை விட்டே போய்விட்டார். மூன்றாம் பாகம் (1998) இந்தியக் காட்டில் தொடங்குகிறது. மழைக்காட்டுக்குள் அரைக் காற்சட்டையோடு போகிறவளை நம் பக்கத்து ஆட்கள் பார்த்தால் முதலில் நினைப்பது அட்டையைத்தான். அதே பாகத்தில் அந்தாட்டிக்காவுக்குப் போகும்போது மட்டும் குளிருடுப்பு போட்டுவிடுகிறார்கள், குளிர்ந்த தண்ணீரில் உடல் விறைப்பதற்குத் தனியாக ஓர் அளவுகோலும் உண்டு. காலநிலையைக் கணக்கெடுக்கத் தெரியாமல் இல்லை.

2013இல் அதே லாராவைக் கிரிஸ்டல் டைனமிக்ஸ் புதிதாகத் தொடங்கியபோது நீளக் காற்சட்டை, மேலே பெனியன், போகப்போகச் சேறு, இரத்தம், கட்டுத்துணி. முடியை இழையிழையாக அசைக்கத் தனித் தொழினுட்பமே பயன்படுத்தினார்கள்.

துணி ஏன் உடலோடு ஒட்டுகிறது

இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒட்டிய உடுப்புக்கு ஆசை மட்டும் காரணமல்ல, செலவும் காரணம்.

ஒரு பாத்திரம் தயாராகும் வரிசை இப்படி இருக்கும்: முதலில் ஓவியம், பிறகு களிமண்ணில் செய்வதுபோல கணினியில் பல இலட்சம் முக்கோணங்களில் சிலை, அதைச் சில ஆயிரமாகக் குறைத்து மறுபடி கட்டுதல், அதன் தோலை விரித்து நிறம் பூசுதல், உள்ளே எலும்புக்கூடு வைத்தல், எந்த எலும்பு அசைந்தால் எந்தப் புள்ளி எவ்வளவு நகரவேண்டும் என்று நிறை போடுதல், கடைசியாக அசைவு. ஒட்டிய உடுப்பு என்றால் உடலின் மேலேயே நிறம் பூசிவிடலாம். தனித் துணி தேவையில்லை, தனி எலும்பும் தேவையில்லை. சேலை, பாவாடை, தாவணி என்றால் துணி வேறு, உடல் வேறு. கால் முன்னே போகும்போது துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கேம் செய்கிறவர்கள் தினமும் மல்லுக்கட்டும் கோளாறு இதுதான். இதைத் தடுக்கத் தொடைக்குள்ளும் கெண்டைக்காலுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத உருளைகளை வைத்து, துணி அவற்றின் மேல் மோதித் திரும்பும்படி கணக்கிடவேண்டும். ஒவ்வொரு நொடியிலும் 30 தடவையோ 60 தடவையோ இந்தக் கணக்கு நடக்கவேண்டும். 2 ஜீபி ரம் உள்ள போனில் ஐம்பது பேர் ஒரே நேரத்தில் ஓடினால் அதற்கு இடம் இருக்காது.

ஆகவே "எஞ்சினால் (கேமை ஓட்டும் மென்பொருளால்) முடியாது" என்று கேம் செய்கிறவர்கள் சொல்வது பாதி உண்மை. மறுபாதி என்னவென்றால், ஆசைப்பட்ட இடத்தில் அதே எஞ்சினால் எல்லாம் முடிந்திருக்கிறது. 1996இலேயே டெட் ஓர் அலைவ் என்ற சண்டைக் கேம் மார்பு குலுங்குவதற்கென்று தனி அசைவு வைத்தது. இது செய்யும் விதம் எளிது: மார்புக்குள் ஓர் எலும்பை வில்லில் கட்டியதுபோல வைப்பார்கள். அந்த வில்லின் இறுக்கம் எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கவேண்டும் என்று இரண்டு எண்கள். அடங்கும் எண்ணைக் குறைத்துவிட்டால் தண்ணீர்ப் பை மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். 2018இல் ஃபோர்ட்நைட்டில் கலமிட்டி என்ற பெண் உருவம் ஆட்டம் போட்டபோது இதுதான் நடந்தது. அது நினைத்துச் செய்ததல்ல என்று சொல்லி நிறுவனம் உடனே நிறுத்திவிட்டது. அதற்கு நேர்மாறாக 2020இல் ஃபைனல் ஃபான்டசி 7ஐப் புதிதாகச் செய்தபோது, டீஃபா கைகாலை வீசிச் சண்டை போடுகிறவள் என்பதால் மார்பை இறுக்கிப் பிடிக்கும் விளையாட்டு உள்ளுடுப்பு போட்டார்கள். நிறுவனத்தின் உள்ளக ஒழுக்கப் பிரிவு கேட்டுக்கொண்டதற்கேற்ப அப்படிச் செய்ததாக அதன் இயக்குநர் தெட்சுயா நொமுரா சொன்னார். ஓடுகிற எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம் ஓர் உள்ளகப் பிரிவின் வழியாக வரவேண்டியிருந்தது.

எலும்புக்கூட்டிலும் இதே கதை. அசைவுகளை முதலில் ஆணுக்குச் செய்துவிட்டு, அப்படியே பெண் உருவத்துக்கு மாற்றிவிடுவது செலவைக் குறைக்கும் வழி. மாஸ் எஃபெக்டில் தலைவியாகப் பெண்ணைத் தெரிந்து குட்டைக் கவுன் போட்டால், அவள் கதிரையில் ஆண் அசைவில் காலை அகட்டி உட்காருவாள்; கவுனைப் பற்றி அந்த அசைவுக்கு ஒன்றும் தெரியாது. 2014இல் அசாசின்ஸ் கிரீட்: யூனிட்டியில் கூட்டாக விளையாடும்போது ஏன் பெண் உருவம் இல்லை என்று கேட்டதற்கு, அசைவுகளும் உடுப்புகளும் இரட்டிப்பாகிவிடும் என்று பதில் வந்தது. அதே தொடரில் முன்பு வேலை செய்த ஓர் அசைவுக் கலைஞர் அது ஒன்றிரண்டு நாள் வேலைதான் என்று வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு கணக்குக்கும் இடைவெளி இருக்கக் காரணம், முதலாமவர் எல்லாவற்றையும் புதிதாகச் செய்வதாக வைத்துக் கணக்கிட்டார்; இரண்டாமவர் பெரும்பாலானவற்றைப் பொதுவாக வைத்து முக்கியமான சில அசைவுகளை மட்டும் மாற்றும் வழியைச் சொன்னார்.

குதிச் சப்பாத்து தனித் தொல்லை. குதி 8 சென்ரிமீற்றர் என்றால் முழு உடலும் அந்தளவு உயர்கிறது. பொது எலும்புக்கூட்டில் பாதம் தட்டையாகத் தரையில் இருக்கும்படி கணக்கு வைத்திருப்பார்கள். குதி போட்டதும் விரல் தரைக்குள் புதையும், படிக்கட்டில் ஏறினால் குதி காற்றில் மிதக்கும். இதைத் திருத்தக் கணுக்காலுக்குத் தனியாக மேலதிக உயரம் கொடுக்கவேண்டும். உடலோடு ஒட்டிய உடுப்பு மலிவு என்று சொன்னவர்கள் குதிச் சப்பாத்துக்கு இந்தச் செலவைத் தயங்காமல் செய்தார்கள்.

கவசமும் அதன் பொய்யும்

வாள் சண்டைக் கேம்களில் பெண்ணின் மார்புக்கவசத்தை இரண்டு கிண்ணங்களாக அடித்து வைப்பது பழைய வழக்கம். பார்க்கக் கவசம், வேலையில் பொறி. நெஞ்சுக் கவசத்தின் வேலை, வரும் குத்தை நழுவ விடுவது. அதனால் உண்மையான கவசம் நடுவில் முன்தள்ளி, இரு பக்கமும் சரிந்து இருக்கும். இரண்டு கிண்ணம் வைத்தால் நடுவில் பள்ளம். இரண்டு பக்கமிருந்தும் நழுவும் முனை நேரே நெஞ்செலும்புக்கு வழிகாட்டப்படும். கவசத்துக்குள் பஞ்சு வைத்துத் தைத்த தடித்த அங்கி வேறு போடவேண்டும். அதைப் போட்டு, மேலே இடைவெளி விட்டுத் தகட்டை வைத்தால் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று வெளியே தெரியாது. டார்க் சோல்ஸ் (2011) அப்படித்தான் செய்தது: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே கவசம். யாரும் குறை சொல்லவில்லை, சாவதற்கே நேரம் போதாததால் உடுப்பைப் பற்றி யோசிக்க ஆளில்லை என்றும் சொல்லலாம்.

மூடிவிட்டால் சரியாகிவிடுமா? இல்லை. 2009இன் பயோனெட்டாவின் உடுப்பே அவளுடைய முடிதான். பெரிய மந்திரம் போடும்போது முடி பூதமாகப் போய்விட, உடுப்பு குறைந்துவிடும். சொல்லக் கேட்டால் மெட்ரொயிட்டின் அதே கணக்குப் போலத்தான் இருக்கும். ஆனால் பாத்திரத்தை வரைந்த மாரி ஷிமசாகி ஒரு பெண். கேமில் அவளைவிட அதிகாரம் உள்ளவர் யாருமில்லை, கெமராவை அவளே கேலி செய்கிறாள். விரும்புகிற பெண்களும் உண்டு, வெறுக்கிற பெண்களும் உண்டு. இதற்குப் பக்கத்தில் 2015இன் மெட்டல் கியர் சொலிட் 5இல் வரும் குவயட்டை வைத்துப் பாருங்கள். ஆப்கானிஸ்தான் போர்க்களத்தில் நீச்சலுடையில் திரிகிறாள். காரணம், அவள் தோலால் மூச்சு விடுகிறாளாம். காரணத்தை உடுப்புக்காகச் செய்தார்களா, உடுப்பைக் காரணத்துக்காகச் செய்தார்களா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. அவள் பேசவும் மாட்டாள்.

ஆண்களும் வெற்றுடம்போடு வருகிறார்களே என்பார்கள். வருகிறார்கள்: கொட் ஒஃப் வாரின் கிராட்டோஸ், ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சாங்கீஃப். அந்த உடம்பு "நான் அடித்தால் தாங்கமாட்டாய்" என்று சொல்கிறது. கெமரா அவர்களுடைய இடுப்பில் தங்கி நிற்பதில்லை.

சண்டைக்கும் குளிருக்கும் பொருந்திய உடுப்புக்கு ஹொரைசன் ஸீரோ டோன் (2017) கேமின் நாயகி ஏலோயைச் சொல்லலாம். மலைக் குளிரில் வேட்டையாடும் குலத்தவள். தோல், ரோமம், நூல், உடைந்த இயந்திரத்தின் தகடு, எல்லாம் அவள் கைக்கு எட்டக்கூடிய பொருட்கள். அடுத்த பாகத்தில் கன்னத்தில் இருக்கும் மெல்லிய பூனைமுடியைக்கூட வரைந்தார்கள். அதற்கு இணையத்தில் சிலர் "தாடி" என்று கத்தினார்கள். மனிதக் கன்னத்தை அருகில் பார்க்காதவர்களின் சத்தம் அது.

வாயும் வசனமும்

உடுப்பைவிடக் குறைவாகப் பேசப்படுவது பேச்சு. காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். மாசி மாதத்தில் தோட்டங்களில் நடக்கும் அந்தக் கூத்தில் ரதி வேடம் கட்டுவது வழக்கமாக ஆண்தான். சேலை, நகை, பூ, எல்லாம் ஒப்பனை. ஆனால் மன்மதன் எரிந்தபின் களத்தைப் பிடித்து நிற்பது ரதியின் புலம்பல்தான். ஆணின் உடம்பில் கட்டிய பெண் வேடத்துக்குக்கூட அங்கே நீண்ட பேச்சு இருக்கிறது.

கேம்களில் அப்படியில்லை. 2023இல் ரோயல் சொசைட்டியின் ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை, 50 பாத்திரக் கதைக் கேம்களில் 13,000க்கு மேற்பட்ட பாத்திரங்களின் வசனங்களை எண்ணியது. மொத்தச் சொற்களில் பெண்கள் பேசியது ஏறத்தாழ 35 சதவீதம். ஆண்கள் இரண்டு மடங்கு பேசினார்கள். 2016இல் வந்த இன்னோர் ஆய்வு, 1983 முதல் 2014 வரையான கேம்களில் விளையாடக்கூடிய 571 பெண் பாத்திரங்களை எடுத்துப் பார்த்தது. கவர்ச்சியாகக் காட்டுவது 1990களில் உச்சத்துக்குப் போய், 2006க்குப் பிறகு குறைந்திருக்கிறது. ஆனால் முதன்மைப் பாத்திரத்தைவிடத் துணைப் பாத்திரமாக வரும் பெண்ணே அதிகம் கவர்ச்சியாக்கப்படுகிறாள். கதையில் வேலை குறையக் குறையத் துணியும் குறைகிறது என்று சுருக்கிச் சொல்லலாம்.

காசு கொடுத்து வாங்கும் பெண்

நம் பக்கத்துப் பிள்ளைகள் விளையாடுவது கன்சோலில் அல்ல, போனில். கொமினிகேஷன் கடையில் ரீலோட் போட்டு, லயத்து வாசலில் சிக்னல் பிடிக்கும் இடமாகப் பார்த்துக் குந்தி விளையாடுவது ஃபிரீ ஃபயர், பப்ஜி. இப்படிப்பட்ட இலவசக் கேம்களின் வருமானத்தில் பெரும்பகுதி உடுப்பு போன்ற தோற்றப் பொருட்களிலிருந்து வருகிறது. துப்பாக்கியின் பலத்தை விற்றால் சண்டை வரும் என்று அநேகமாகத் தோற்றத்தையே விற்பார்கள். பெண் பாத்திரங்களுக்கு உடுப்பு அடிக்கடி மாறுவது கதையால் அல்ல, கடையால். ஓட்டக்காரியான கெல்லியைப் போல வேலைக்கேற்ற உருவத்தில் தொடங்கும் பாத்திரமும், கடையில் விலைக்கு வரும் உடுப்பைப் போட்டதும் வேறு ஆளாகிவிடும்.

மெலிந்த பெண் உருவத்தை எடுத்தால் சூடு குறைவாகப் படும் என்று பையன்கள் நம்புவதுண்டு. சூடு படுகிறதா என்பதை உடுப்பையோ கூந்தலையோ வைத்துக் கணக்கிடுவதில்லை. உள்ளே மறைந்திருக்கும் எளிய பெட்டிகளையும் உருளைகளையும் வைத்தே கணக்கிடுவார்கள். பாவாடை பெரிதானாலும் குண்டுக்கு அது காற்றுதான்.

ஓடும் கேம்களிலும் விலை உண்டு. 2015இல் அமெரிக்காவில் 12 வயதுச் சிறுமியொருத்தி பிரபலமான 50 ஓட்டக் கேம்களை இறக்கிப் பார்த்து எண்ணினாள். ஆணா பெண்ணா என்று தெரியும் உருவம் உள்ளவற்றில் 90 சதவீதத்தில் ஆண் உருவம் இலவசம். 15 சதவீதத்தில்தான் பெண் உருவம் இலவசம். அவள் எழுதியது வோஷிங்டன் போஸ்டில் வந்தது. அதன்பின் டெம்பிள் ரன் போன்றவை பெண் உருவத்தை இலவசமாகக் கொடுத்தன. பல பெரியவர்களின் விவாதத்தைவிட ஒரு சிறுமியின் எண்ணிக்கை வேலை செய்தது.

சேலை கட்டிய கேம்

சேலையே இல்லாமல் இல்லை. 2023இல் வந்த வெண்பா, கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாயின் சமையல் கேம். 2024இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுகக் கேம் என்ற விருதை வாங்கியது. அதன் படங்கள் தட்டையான ஓவியம் என்பதால் கொசுவத்துக்குக் கணக்கு தேவையில்லை, வரைந்தால் போதும். அது சோம்பல் அல்ல, கெட்டித்தனம். 2020இல் புனேயிலிருந்து வந்த ராஜி முப்பரிமாணக் கேம். அதன் நாயகி கூத்தாடிச் சிறுமி, குட்டிக்கரணம் போடுகிறவள். அதற்கேற்ற உடுப்பு, கெமராவும் உயரத்தில் தூரமாக நிற்கிறது.

இனி நம் மலைக்கு வருவோம். தகவல் தொழினுட்பம் படிக்கும் ஒரு மாணவி, பதுளையிலோ தலவாக்கலையிலோ இருந்து பிளெண்டரிலும் (முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருள்) யூனிட்டியிலும் (கேம் எஞ்சின்) கொழுந்து எடுக்கும் பெண்ணை நாயகியாக வைத்துப் போனுக்கு ஒரு கேம் செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கைக்குக் கிடைக்கும் மாதிரி தேயிலைப் பைக்கற்றின் பெண்தான். அதை அப்படியே செய்யப்போனால் எங்கே இடறும் என்று பார்ப்போம்.

சேலை ஐந்தரை மீற்றர். ஆறு கொசுவம் வைத்தால் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல படைத் துணி. பிளெண்டரின் துணிக் கணக்கில் தர அளவு தொடக்கத்தில் 5 என்று இருக்கும். இந்தப் படைகளுக்கு அது போதாது, துணி துணிக்குள் புகும். 10, 12க்கு ஏற்றி, மோதல் இடைவெளியை 0.015இலிருந்து குறைத்தால் நிற்கும், ஆனால் கணினி திணறும். போனுக்குக் கொண்டுபோகும்போது இந்தக் கணக்கையே விட்டுவிட்டு, விழுந்த நிலையில் துணியை உறையவைத்து எலும்பில் கட்டவேண்டும். யூனிட்டியில் வழக்கமாக ஒரு புள்ளியை 4 எலும்புகள்வரை இழுக்கும். பழைய போனுக்கு 2 என்று குறைத்தால் கொசுவம் நடக்கும்போது அட்டைப்பெட்டி மாதிரி மடியும். மலையேறும் படியில் கால் உயர்ந்ததும் முழங்கால் சேலையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

இப்போது படங்கைக் கட்டிப் பாருங்கள். இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை ஒரே தடித்த குழாய். கொசுவம் முழுக்க உள்ளே மறைந்துவிடும். மறைந்த முக்கோணங்களை அழித்துவிடலாம். சேலை படங்குக்குக் கீழே ஒரு சாண் மட்டும் தெரிந்தால் போதும். படங்கு விறைப்பானது, அதனால் துணிக் கணக்கே வேண்டாம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று என்று ஆறு எலும்பு போதும். முன் எலும்புகள் தொடை உயரும்போது அதன் பாதிக் கோணத்துக்கு உயரட்டும். முந்தானை வேலை நேரத்தில் எப்படியும் இடுப்பில் செருகித்தான் இருக்கும், ஆடவேண்டியதில்லை. 8,000 முதல் 10,000 முக்கோணங்களுக்குள் முழு உருவமும் முடிந்துவிடும். வேலைக்கு உடுத்திய உடுப்பு, விளம்பரத்துக்கு உடுத்தியதைவிடக் கணினிக்கும் சுகமாக இருக்கிறது. எஞ்சினைக் காரணம் காட்டியவர்கள் இந்தப் பக்கம் பார்த்ததில்லை.

கூடையில்தான் உண்மையான சிக்கல். கயிறு தலையில் மாட்டி, கூடை முதுகில் தொங்குகிறது. கூடையை முதுகெலும்பில் கட்டினால் தலை திரும்பும்போது கயிறு ரப்பர்போல இழுபடும். தலையில் கட்டினால் தலையோடு கூடையும் சுழலும். கூடையை முதுகிலேயே கட்டி, கயிற்றின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று சிறு எலும்பு வைத்து, தலை திரும்புவதை 30 பாகைக்குள் நிறுத்துவது நல்லது. சுமை தலையில் இருப்பவர் கழுத்தைத் திருப்பமாட்டார், உடம்போடு திரும்புவார். அதையும் அசைவில் வைத்துவிட்டால் கோளாறும் மறையும். கயிற்றுக்கும் தலைக்கும் இடையில் மடித்த துணி வைக்க மறக்கக்கூடாது. பல தோட்டங்களில் கூடைக்குப் பதிலாக நைலோன் பைதான். அதை வைத்தால் பின்னல் வேலையும் மிச்சம்.

நடையை வாங்கிய அசைவுத் தொகுப்பிலிருந்து எடுத்தால் அநேகமாக "பெண் நடை" என்று இடுப்பாட்டும் நடைதான் வரும். அதைத் தொடவேண்டாம். "சுமையோடு நடத்தல்" என்று இருப்பதை எடுத்து, அடியைக் குறுக்கி, மேல் உடம்பைச் சற்று முன்னுக்குச் சாய்த்து, மலைச் சரிவில் பாதம் சாய்வாகப் பதியும்படி விடவேண்டும். கை இரண்டும் செடியின் மேல் ஒரே நேரத்தில் வேலை செய்யும். பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலால் பின்னுக்குப் போகும். வயதும் முக்கியம். மலையில் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் நிறைய. கேம்களில் அந்த வயதுப் பெண்ணைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். முகத்தோலின் வழவழப்பைக் குறைத்து, விரல் நுனியில் கொழுந்துக் கறையை நிறமாகப் பூசினால் பாதி வேலை முடிந்தது.

நனைவையும் பொருளுக்கேற்ப வைக்கவேண்டும். பொலித்தீன் படங்கு பளபளக்கும், தண்ணீர் கோடாக வடியும். சாக்குப் படங்கு பளபளக்காது. கீழிருந்து கருமை ஏறும். சேலையின் கீழ்விளிம்பு எப்போதும் மேல்பகுதியைவிட ஒரு படி இருண்டிருக்கவேண்டும்.

கடைசியாக ஒன்று கவனிக்கவேண்டும். போனில் வேகம் குறையாமலிருக்க, பாத்திரம் தூரம் போகப்போக எளிய உருவத்துக்கு மாற்றுவார்கள். தனித் துண்டாகச் செய்த துணைப் பொருட்களைக் குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் வரையாமலே விடுவார்கள். படங்கைத் தனித் துண்டாகச் செய்து அப்படி விட்டால், எதிர்மலையில் நிற்கும்போது அது மறைந்து, உள்ளே ஏற்கெனவே அழித்த இடத்தில் ஓட்டையும் தெரியும். அந்த ஓட்டையை அடைக்க யாராவது அவசரத்தில் பழைய சேலையைத் திரும்பப் போட்டால், தூரத்தில் நிற்பவள் மறுபடியும் பைக்கற்றுப் பெண். ஆகவே தொடக்கத்திலேயே படங்கை உடலோடு ஒரே துண்டாக இணைத்துவிட வேண்டும்.